ஏறிய கியரிலேயே இறங்குங்கள்

மலையில் விளைவிப்பது ஒரு பாடு என்றால், விளைந்ததைக் கீழே கொண்டுவந்து காசாக்குவது இன்னொரு பாடு. கொல்லிமலையின் மரவள்ளியும் அன்னாசியும் மிளகும் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்துதான் சமவெளிக்கு வரவேண்டும். வால்பாறைப் பாதையில் 40 வளைவுகள். ஏற்காட்டுப் பாதையில் 20. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36. இந்தப் பெரிய பாதைகளை வந்தடைவதற்கு முன்னால், தோட்டத்திலிருந்து தார் ரோடு வரை உள்ள மண் தடத்தை எந்தக் கணக்கிலும் யாரும் சேர்ப்பதில்லை. உண்மையில் அதுதான் எல்லாவற்றிலும் செங்குத்தானது.

விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் பூச்சி மருந்தைப் பற்றியும் விவசாயிகளுக்கு நாங்கள் ஓயாமல் சொல்லி வருகிறோம். சுமையோடு இறங்குவதைப் பற்றி விரிவாக்கத் துறையில் இருக்கும் நாங்கள் அநேகமாகப் பேசியதே இல்லை. அது டிரைவர் வேலை, நம் வேலை அல்ல என்று இருந்துவிட்டோம். இது தவறு என்பது என் கருத்து. காய்கறி அழுகிப் போனால் அந்தப் போகத்தின் லாபம் போகும். இறக்கத்தில் வண்டி கைமீறினால், ஓட்டுகிறவரோடு மூட்டையின் மேல் உட்கார்ந்து வரும் கூலி ஆட்களும் போய்விடுவார்கள். சிறு விவசாயியின் குடும்பத்தில் ஓட்டுகிறவரும் அவரே, உழுகிறவரும் அவரே.

ஒரு பொத்தானும் ஒரு கேள்வியும்

கொல்லிமலையில் மிளகு வாடல் நோயைப் பற்றிப் பேச ஒருமுறை போயிருந்தேன். கூட்டம் முடிந்ததும் ஓர் இளைஞர் தம் புதிய நான்கு சக்கர இயக்க ஜீப்பைக் காட்டினார். தவணையில் வாங்கியது. உள்ளே ஒரு பொத்தான். இறக்கத்தில் வண்டி போகும் படம் அதில் வரைந்திருந்தது.

“இதை அமுக்கிவிட்டால் போதும் சார், காலை எடுத்துவிடலாம். வண்டி தானாகவே மெதுவாக இறங்கும்” என்றார்.

பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர் சிரித்தார். அவரிடம் இருப்பது பழைய பிக்கப். “என் வண்டியில் பொத்தானெல்லாம் கிடையாதுங்க ஐயா. மேலே நியூட்ரல் போட்டால் அடிவாரம் வரை சும்மாவே வரும். டீசல் மிச்சம்தானுங்களே?” என்று கேட்டார்.

இந்த இருவரும் நல்ல விவசாயிகள். இருவரும் அபாயத்தில் இருக்கிறார்கள். இளைஞர் பொத்தானை அதற்கு உரிய இடத்தைத் தாண்டி நம்புகிறார். பெரியவர் எதை நம்பவே கூடாதோ அதை நம்புகிறார். இருவருக்கும் நான் சொன்ன பதில் ஒன்றுதான். ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இந்த ஒரு வரியின் காரண காரியங்களைத்தான் கீழே விளக்குகிறேன்.

நூறு லிட்டர் வெந்நீர்

முதலில் ஒரு சிறு கணக்கு. சுமையோடு சேர்த்து 3 டன் எடையுள்ள பிக்கப் ஒன்று 1000 மீட்டர் உயரத்திலிருந்து அடிவாரத்துக்கு இறங்குகிறது. கொல்லிமலை இறக்கம் ஏறத்தாழ இந்த அளவுதான். மேலே ஏறும்போது டீசல் எரித்துச் சேர்த்த சக்தி முழுவதும் இறங்கும்போது வெளியேறியே தீரவேண்டும். அது வேகமாக மாறலாம், அல்லது வெப்பமாக மாறலாம். வேகமாக மாறினால் பள்ளத்தாக்கில்தான் போய் நிற்கும். ஆகவே வெப்பமாக மாற்றுவது ஒன்றே வழி.

எவ்வளவு வெப்பம்? 30 டிகிரி சூட்டில் இருக்கும் 100 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம். கல்யாண வீட்டு அண்டா ஒன்று நிறையத் தண்ணீரை மனக்கண்ணில் நினைத்துக் கொள்ளுங்கள். அத்தனை வெப்பத்தையும் நான்கு சக்கரங்களின் பிரேக்குகள் மட்டுமே தாங்கவேண்டும் என்றால் என்ன ஆகும்? டிரம் சூடேறி விரிந்து பிரேக் கட்டையை விட்டு விலகும். கட்டையில் ஒட்டியிருக்கும் லைனிங் பிடிப்பை இழந்து வழுக்கும். கருகின வாடை வரும். ஏழெட்டு வளைவுக்கு முன்னால் இலேசாகத் தொட்டதும் நின்ற வண்டி, இப்போது முழு பலத்தோடு மிதித்தாலும் நிற்காது.

இதோடு பிரேக் ஆயிலையும் கவனிக்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தைச் சிறிது சிறிதாகக் குடிக்கும் தன்மை உடையது. டாட் 3 என்று டப்பாவில் குறித்திருக்கும் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு அந்த அளவு 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். குழாயினுள் ஆயில் கொதித்தால் ஆவி உண்டாகும். ஆவி பஞ்சு போல அமுங்கும். நீங்கள் மிதிக்கிற மிதி சக்கரத்துக்குப் போய்ச் சேராமல், பெடல் மட்டும் தரைவரை போகும். ஆகவே மலையில் ஓடும் வண்டிக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது பிரேக் ஆயிலை முழுவதும் மாற்றிவிட வேண்டும். குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவது மட்டும் போதாது.

இந்த வெப்பத்தில் பெரும் பங்கை எடுத்துக்கொள்ள வண்டியில் இன்னொரு உறுப்பு இருக்கிறது. அதுதான் என்ஜின். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, கியரில் வைத்து இறங்கினால், சக்கரங்கள் என்ஜினைச் சுழற்ற வேண்டியதாகிறது. என்ஜின் அதற்கு இணங்காமல் முரண்டு பிடிக்கிறது. அந்த முரண்டுதான் நமக்குப் பிரேக். கியர் எவ்வளவு சிறியதோ அவ்வளவு பலமான பிரேக். இந்த வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறிவிடும். மணிக்கணக்கில் பிடித்தாலும் தேயாது, கருகாது.

நியூட்ரலில் டீசல் மிச்சமா?

இல்லை. இதை அடித்துச் சொல்லலாம். கியரில் வைத்து ஆக்சிலேட்டரைத் தொடாமல் இறங்கும்போது என்ஜினைச் சுழற்றுவது சக்கரம். அப்போது டீசல் தேவையில்லை. இன்றைய மின்னணுப் பம்ப் உள்ள வண்டிகளில் டீசல் பாய்வது அடியோடு நின்றுவிடும். பழைய பம்ப்களிலும், என்ஜின் ஐடில் வேகத்துக்கு மேல் சுழலும்போது கவர்னர் டீசலை மூடிவிடும்.

நியூட்ரலில் இறங்கினாலோ, என்ஜின் அணைந்துவிடாமல் இருக்க டீசல் சொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். பிக்கப் என்ஜின் ஒன்று சும்மா ஓடுவதற்கு மணிக்குச் சுமார் அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை குடிக்கும். ஆக, நியூட்ரல் போட்டு இறங்குகிறவர் டீசலைச் செலவழித்துக்கொண்டு பிரேக்கையும் தேய்க்கிறார். கியரில் இறங்குகிறவருக்கு இரண்டும் மிச்சம்.

சிலர் இன்னும் ஒருபடி மேலே போய் என்ஜினையே அணைத்துவிட்டு உருட்டுகிறார்கள். இது தற்கொலைக்குச் சமம். என்ஜின் அணைந்தால் பிரேக்குக்குத் துணைசெய்யும் வாக்குவம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். பவர் ஸ்டீரிங் கல்லாகிவிடும். சாவியை வெளியே எடுத்துவிட்டால் சில வண்டிகளில் ஸ்டீரிங் பூட்டிக்கொள்ளும்.

பொத்தான் என்ன செய்கிறது?

இப்போது இளைஞரின் பொத்தானுக்கு வருவோம். இந்த இறக்கக் கட்டுப்பாட்டுச் சாதனம் 1997 ஆம் ஆண்டில் லேண்ட்ரோவர் கம்பெனி வெளியிட்ட பிரீலாண்டர் என்ற வண்டியில் வந்தது. அந்த வண்டிக்கு மற்ற மலை ஜீப்புகளில் இருப்பதுபோல் லோ கியர் பெட்டி கிடையாது. அந்தக் குறையை ஈடுகட்டவே இதை அமைத்தார்கள். இன்று நம் நாட்டிலும் 2020 ஆம் ஆண்டு வந்த மஹிந்திரா தார் போன்ற வண்டிகளில் இது இருக்கிறது.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும் அளக்கும் கருவி ஒன்று உண்டு. சக்கரம் குறித்த வேகத்தைத் தாண்டினால், ஒரு சிறு பம்ப் அந்தச் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் விட்டு விட்டுப் பிடிக்கிறது. அப்போது கடகடவென்று சத்தம் வருவது இயற்கை, பயப்பட வேண்டியதில்லை. மனிதனுக்கு இருப்பது ஒரே பிரேக் பெடல். ஒரு சக்கரம் பாறையிலும் மற்றொன்று சரளையிலும் இருக்கும்போது நான்கையும் தனித்தனியாகப் பிடிக்க நம்மால் இயலாது. அந்த வகையில் இது மிகவும் நல்ல சாதனம். தோட்டத்திலிருந்து தார் ரோடு வரை உள்ள செங்குத்தான, சரளை சிதறிய 200 மீட்டர் தடத்துக்கு இதைவிடச் சிறந்த துணை இல்லை. பொத்தான் உள்ளவர்கள் அங்கே தாராளமாக உபயோகிக்கலாம்.

ஆனால் மூன்று விஷயங்களை மறக்கக்கூடாது.

முதலாவது, அது பிடிப்பதும் அதே பிரேக்கைத்தான். வெந்நீர்க் கணக்கிலிருந்து அதற்கு விலக்கு இல்லை. 20 கிலோமீட்டர் மலைப்பாதை முழுவதையும் பொத்தானை நம்பிப் பெரிய கியரில் இறங்கினால் பிரேக் சூடேறியே தீரும். அளவு மீறிச் சூடானால் பல வண்டிகளில் எச்சரிக்கை விளக்கைக் காட்டிவிட்டு அந்தச் சாதனம் தானே விலகிக்கொள்ளும். எந்த இடத்தில் விலகும் என்று அதற்கு நாம் கட்டளையிட முடியாது. ஆகவே பொத்தானோடு சிறிய கியரும் சேர்ந்திருக்க வேண்டும்.

இரண்டாவது, நிலம் பிடிப்புக் கொடுத்தால்தான் அதனால் பிடிக்க முடியும். மழை பெய்து ஊறிய செம்மண் தடத்தில் எந்தச் சாதனத்துக்கும் பிடி கிடைக்காது. அங்கே தடம் காய்கிற வரையில் காத்திருப்பதே புத்திசாலித்தனம்.

மூன்றாவது, பின்னால் கட்டியிருக்கும் டிரெய்லரின் சக்கரத்தில் அளவுக் கருவி இல்லை. டிரெய்லர் தள்ளுவது பொத்தானுக்குத் தெரியாது.

ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னோக்கி உருளாமல் பிடிக்கும் இன்னொரு சாதனமும் இந்த வண்டிகளில் உண்டு. அது ஓரிரு விநாடிகள் மட்டுமே பிடித்துவிட்டு விட்டுவிடும். அதை ஹேண்ட் பிரேக் என்று எண்ணி வண்டியை விட்டு இறங்கிவிடக் கூடாது.

டிராக்டரில் ஏற்கெனவே இருக்கிறது

பொத்தான் இல்லையே என்று டிராக்டர்காரர்கள் குறைப்பட வேண்டாம். எந்தக் குறையை நிரப்பப் பொத்தான் பிறந்ததோ அந்த லோ கியர் உங்கள் டிராக்டரில் வாங்கிய நாள் முதல் இருக்கிறது. நம் ஊர் டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் லோ, ஹை என்று இரண்டு வரிசை கியர்கள் உண்டு. லோ முதல் கியரில் டிராக்டர் மனிதன் நடப்பதைவிட மெதுவாகப் போகும். கைப்பிடி ஆக்சிலேட்டரில் ஆமை, முயல் படங்களைப் பார்த்திருப்பீர்கள். இறக்கத்தில் ஆமைதான் ஜெயிக்கும்.

டிராக்டரில் கியரை மேட்டிலேயே தேர்ந்தெடுப்பது மிகமிக அவசியம். லாரியைப் போல ஓடும்போது கியர் மாற்ற அநேக டிராக்டர்களில் வசதி இல்லை. இறக்கத்தின் நடுவில் கிளட்சை மிதித்து கியரை எடுத்தால், வண்டி அதற்குள் வேகம் பிடித்துவிடும். மறுபடி எந்த கியரும் விழாது. பற்கள் கரகரவென்று அரைக்கும் சத்தம்தான் கேட்கும். இறக்கத்தில் கிளட்சை மிதிப்பது நியூட்ரல் போடுவதற்குச் சமானம் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

டிராக்டரின் பிரேக் பெரும்பாலும் பின் சக்கரங்களில் மட்டுமே உள்ளது. இறங்கும்போது பாரம் முன்னால் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகி வழுக்குகிறது. வயலில் திருப்புவதற்காக இடது வலது பிரேக் பெடல்கள் தனித்தனியாக இருக்கும். ரோட்டில் ஏறுமுன் அவ்விரண்டையும் இணைக்கும் கொண்டியைப் போட்டே ஆகவேண்டும். போடாமல் ஒரு பெடலை மட்டும் மிதித்தால் டிராக்டர் சுழன்றுவிடும். நான்கு சக்கர இயக்க டிராக்டர் வைத்திருப்பவர்கள், மண் தடத்தில் இறங்கும்போது முன் ஆக்சிலையும் இணைத்துக்கொண்டால், என்ஜினின் பிடிப்பு நான்கு சக்கரங்களுக்கும் கிடைக்கும். ஏற்றத்துக்கு மட்டுமே அது என்று நினைத்து இறக்கத்தில் எடுத்துவிடுவது தவறு.

டிரெய்லர்தான் எமன்

35 அல்லது 40 குதிரைத்திறன் உள்ள டிராக்டரின் எடை ஏறத்தாழ 2 டன். அதன் பின்னால் சுமையோடு 4 டன் டிரெய்லர். பத்தடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் அந்த டிரெய்லர் டிராக்டரின் முதுகில் 400 கிலோ பலத்தோடு தள்ளுகிறது. கிராமப் பட்டறைகளில் செய்யப்படும் டிரெய்லர்கள் பலவற்றில் பிரேக் என்பதே இல்லை. 2 டன் எடையுள்ள டிராக்டர், தன்னையும் பிடித்துக்கொண்டு தன்னைப் போல் இரு மடங்கு பாரத்தையும் பிடிக்க வேண்டும். வளைவில் ஸ்டீரிங்கைத் திருப்பிப் பிரேக்கையும் மிதித்தால், டிரெய்லர் நேராகத் தள்ளி, டிராக்டரைக் குறுக்காக மடக்கிவிடுகிறது.

பிரேக் இல்லாத டிரெய்லரில் டிராக்டரின் எடையை விட அதிகமாக ஏற்றிக்கொண்டு மலை இறங்கக் கூடாது என்பது என் யோசனை. இரண்டு நடையாக அடிக்கட்டும். இரண்டாவது நடைக்கு ஆகும் டீசலைக் கணக்குப் பார்க்கிறவர்கள், டிராக்டரின் விலையையும் கணக்குப் பார்க்க வேண்டும். சுமை தள்ளும்போது தானாகவே பிடித்துக்கொள்ளும் பிரேக், டிராக்டரின் ஹைட்ராலிக் மூலம் இயங்கும் பிரேக் ஆகியவை டிரெய்லர்களுக்கு உண்டு. புதிதாக டிரெய்லர் செய்யக் கொடுப்பவர்கள் பட்டறைக்காரரிடம் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பவர் டில்லர்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சின்ன தோட்டங்களில் பவர் டில்லரும் அதன் பின்னால் சிறிய டிரெய்லரும் அதிகம் புழங்குகின்றன. சமதளத்தில் இடது கைப்பிடியின் கிளட்சை அமுக்கினால் டில்லர் இடது பக்கம் திரும்பும். அமுக்கிய பக்கச் சக்கரத்துக்கு என்ஜின் இழுவை நின்றுபோவதே காரணம். இறக்கத்தில் என்ஜின் இழுப்பதில்லை. சக்கரத்தைத் தடுத்துப் பிடித்துக் கொண்டிருக்கிறது. அப்போது இடது கிளட்சை அமுக்கினால், இடது சக்கரம் மட்டும் பிடியிலிருந்து விடுபட்டு முந்தி ஓடும். டில்லர் வலது பக்கம் திரும்பிவிடும்.

பழகிய கை பழகியபடியே அமுக்கும். மலைப் பக்கம் திருப்ப நினைத்தவர் பள்ளத்துப் பக்கம் போவார். பல வருஷம் வயலில் ஓட்டியவருக்கும் இது நேரலாம். ஆகவே இறக்கத்தில் பக்கக் கிளட்சைத் தொடாமல், மிகச் சிறிய கியரில், கைப்பிடியையே தள்ளித் திருப்ப வேண்டும். செங்குத்தான இடத்தில் டிரெய்லரில் பாரத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும். டில்லர் வாங்கும்போது விற்பனையாளர் இந்த ஒன்றையாவது சரிவான இடத்தில் ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும்.

இறங்கும் முறை

மேட்டில் ஒரு நிமிடம் வண்டியை நிறுத்துங்கள். பிரேக்கை மிதித்துப் பாருங்கள். சுமைக் கயிற்றையும், டிரெய்லர் கொக்கியின் பூட்டு ஊசியையும் பாருங்கள். ஏறி வந்த கியரைப் போடுங்கள். சுமை அதிகம் என்றால் அதற்கும் ஒரு கியர் குறைவாகப் போடுங்கள். பெட்ரோல் என்ஜினை விட டீசல் என்ஜின் இறக்கத்தில் சற்றுக் குறைவாகவே பிடிக்கும் என்பதால் டீசல் வண்டிக்காரர்கள் தாராளமாகக் கியரைக் குறைக்கலாம்.

கியரில் இறங்கியும் வேகம் ஏறினால், காலைப் பிரேக்கிலேயே வைத்துத் தேய்த்துக்கொண்டு வரக்கூடாது. அழுத்தமாக மிதித்து வேகத்தைக் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிட வேண்டும். பிரேக் காற்று வாங்கி ஆறும். மறுபடி வேகம் ஏறினால் மறுபடி அப்படியே. நாலைந்து முறைக்கு மேல் அடிக்கடி மிதிக்க நேர்ந்தால் கியர் பெரியது என்று அர்த்தம். சமமான இடத்தில் நிறுத்தி இன்னும் சிறியதாகப் போடவேண்டும். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றவேண்டாம், வெடித்துப் போகும்.

குறுகிய மலைப்பாதையில் ஏறி வரும் வண்டிக்கே முன்னுரிமை என்பது சாலை விதி. இறங்குகிறவர் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

எல்லாம் மீறிப் பிரேக் போய்விட்டால், கியரைக் கைவிடாதீர்கள். முடிந்தால் இன்னும் சிறிய கியருக்குக் குறையுங்கள். ஹேண்ட் பிரேக்கைச் சிறிது சிறிதாக இழுங்கள். வேறு வழியே இல்லை என்றால் மலைச் சுவரில் உரசவிட்டு நிறுத்துங்கள். தகடு நசுங்கினால் தட்டி எடுக்கலாம்.

இருபது நிமிட வித்தியாசம்

இவ்வளவும் தெரிந்தும் ஏன் வேகமாக இறங்குகிறார்கள்? மண்டிக்கு நேரத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதால்தான். பிந்தினால் விலை விழும் என்ற பயம். அந்தப் பயம் நியாயமானது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கணக்கைப் பாருங்கள். 20 கிலோமீட்டர் இறக்கத்தை மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 40 நிமிடம் ஆகும். மணிக்கு 20 இல் கடந்தால் ஒரு மணி நேரம். வித்தியாசம் 20 நிமிடம்தான். வேகம் இரட்டிப்பானால் நிறுத்துவதற்கு வேண்டிய சக்தி நான்கு மடங்காகும். அதிகாலையில் மூட்டை கட்டும் வேலையை 20 நிமிடம் முன்னால் ஆரம்பித்தால் இந்தப் பிரச்சினையே இல்லை. ஒரே ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடிக்கிறவர்கள், கிளம்பும் நேரத்தை முதல்நாள் இரவே பேசி வைத்துக்கொள்ளலாம்.

சுமையின் மேல் ஆள் ஏற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சரக்கு வண்டியில் ஆட்களை ஏற்றுவது சட்டப்படி குற்றம். இது எல்லாருக்கும் தெரியும். ஆனால் சந்தைக்குப் போக வேறு பஸ் இல்லாத ஊரில் ஆட்கள் ஏறத்தான் செய்கிறார்கள். வண்டிக்காரரை மட்டும் தண்டித்து இதைத் தீர்க்க முடியாது. சந்தை நாட்களில் காலையிலும் மாலையிலும் மலைக் கிராமங்களுக்குக் கூடுதல் பஸ் விட்டால் பாதிப் பேராவது மூட்டையிலிருந்து இறங்கிவிடுவார்கள்.

அரசும் வங்கிகளும் செய்ய வேண்டியவை

விவசாய யந்திரங்களுக்கு அரசு மானியம் தருகிறது. வங்கிகள் கடன் தருகின்றன. மலைப் பகுதிகளில் டிரெய்லருக்குக் கடனோ மானியமோ கொடுக்கும்போது, பிரேக் உள்ள டிரெய்லர் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். அதனால் கூடும் விலையை விவசாயியின் தலையில் கட்டாமல் மானியத்தில் சேர்த்துக்கொடுக்க வேண்டும். நிபந்தனை மட்டும் போட்டுப் பணம் கொடுக்காவிட்டால், பட்டறையில் பிரேக் இல்லாத டிரெய்லர்தான் மறுபடி உருவாகும்.

இரண்டாவது, வேளாண் பொறியியல் துறையும் பல்கலைக்கழகமும் நடத்தும் யந்திரப் பயிற்சிகள் பெரும்பாலும் சமதளத்தில் நடக்கின்றன. எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் இந்தக் குறையில் பங்கு உண்டு. மலை விவசாயிக்கு மலைச் சரிவில் பயிற்சி தரவேண்டும். காலி வண்டியில் ஒருமுறை, மணல் மூட்டை ஏற்றி ஒருமுறை இறக்கிக் காட்டினால் ஒரு நாளில் விளங்கிவிடும். பத்துத் துண்டுப் பிரசுரம் செய்யாத வேலையை அது செய்யும்.

மூன்றாவது, நீண்ட மலைப்பாதைகளில் சுமை வண்டிகள் ஒதுங்கி நின்று பிரேக்கை ஆறவிட, சில வளைவுகளுக்கு ஒன்றாகச் சமமான நிறுத்துமிடங்கள் தேவை. சுற்றுலாப் பயணிகள் படம் எடுப்பதற்கு அமைத்த இடங்களிலேயே ஒரு மூலையைச் சுமை வண்டிக்கு ஒதுக்கினால்கூடப் போதும்.

வண்டி செய்யும் கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. இறக்கப் பொத்தானை விலை உயர்ந்த ஜீப்புகளில் கொடுக்கிறீர்கள். தினமும் ஒன்றரை டன் முட்டைக்கோஸ் ஏற்றி மலை இறங்குவது விலை குறைந்த பிக்கப். லோ கியர் பெட்டியும் பிரேக் சூட்டைக் காட்டும் ஒரு சிறு விளக்கும் அந்த வண்டிக்குத்தான் முதலில் வேண்டும்.

இவையெல்லாம் நடக்கக் காலம் ஆகும். அதுவரை விவசாயிகள் காத்திருக்க வேண்டியதில்லை. லோ கியருக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்; மனுப் போட வேண்டாம். அந்தப் பெரியவர் கூட்டம் முடிந்த அன்றைக்கே கியரில் இறங்கிப் பார்ப்பதாகச் சொன்னார். இளைஞர் தம் ஜீப்பில் லோ கியர் நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். அடுத்த சந்தை நாளில் நீங்களும் மேட்டில் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். ஏறிய கியரைப் போட்டு இறங்குங்கள்.